நீறணிந்த நெற்றியும் பிறர் வழிபாடும்

சிவமயம்

சிவஞானசித்தியார் பரபக்கம், சுபக்கம் என இருபகுதியாய் நிற்றலைச் சித்தாந்தம் பயில்வார் யாவரும் அறிவர். பிறர் கோளை முன்னர் எடுத்து மறுத்துத் தங்கோளைப் பின்னர் நிறுவுதல் அருணந்தி சிவாசாரியர் மேற்கொண்ட முறை. உலோகாயதம் முதலிய பதினான்கு மதங்கள் பரபக்கத்தில் ஆராயப்படுகின்றன. அங்ஙனம் மறுக்குமாறு கற்ற மாணாக்கன் ஒருவன், பிற சமயத்தார் தம் தெய்வத்தை வழிபடும் இடத்தில் நிற்க நேர்ந்துழி எங்ஙனம் நிற்கற்பாலன்? இவ்வினாவை அண்மையில் நமக்கு வந்ததொரு கடிதம் எழுப்பிற்று. அதற்கு யாம் விடுத்த விடை பிறர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டு விரித்தெழுதுகின்றோம்.

கடிதம் விடுத்தவர், திருக்கானப்பேர் எனத் திருமுறையில் வழங்கும் காளையார்கோயிலைச் சார்ந்தவர். சிவகங்கையில் நம்மிடம் சிவஞானபோதச் சிற்றுரையும் சித்தியாரும் பாடங்கேட்டவர். இப்பொழுது மேற்படிப்பின் பொருட்டுச் சிங்கப்பூரில் உறைகின்றார். நகரத்தார் பெருமக்கள் வாணிபத்தின் பொருட்டு அங்குச் சென்று 1859 இல் டேங்க் ரோட்டில் எடுப்பித்த தண்டாயுதபாணி கோயில் அவர் வழிபடும் இடம். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், வாட்டர்லூ தெருவில், மகேன் அபோத் என்னும் யூதர் தொழுகைக்கூடம் உளது. பாக்தாத் வழியினராகிய யூத வணிகர் 1878 இல் அமைத்தது அது. பொருள் தேடிச் சென்ற இரு கூட்டத்தாரும் தாம் சென்றவிடத்துத் தத்தம் இறைவனுக்கு இல்லம் எடுத்தமை நினைக்கத்தக்கது.

நம் மாணாக்கர் முன்னரே இசைவு பெற்று ஒரு சனிக்கிழமை காலையில் அக்கூடத்திற்குச் சென்றார். வாயிலை அணுகியபொழுது, நெற்றியிலுள்ள திருநீறு அங்குள்ளார்க்கு வெறுப்பாகுமோ என்றஞ்சித் தாமே அதனைத் துடைத்துவிட்டார். துடைக்குமாறு கூறினார் எவருமிலர்.

உள்ளே ஆடவர் தலையை மூடியிருத்தல் முறையாதலின் அவர்க்கும் ஒரு சிறு தொப்பி ஈந்தனர். குறிப்பெழுதச் சுவடியைத் திறந்தபொழுது முதியவர் ஒருவர் மெல்லத் தடுத்தார். வெள்ளிக்கிழமை கதிரவன் மறைவது தொடங்கிச் சனிக்கிழமை இரவு விண்மீன் தோன்றுங்காறும் யூதர்க்கு ஓய்வுநாள்; எழுதுதலும் அந்நாளில் விலக்கப்பட்ட தொழில். ஆதலின் கண்டவற்றை நெஞ்சிற் பதித்துக்கொண்டு மீண்டு, பின்னரே நமக்கு எழுதினார்.

அவர் எழுதியவற்றின் சுருக்கம் இது: அங்கு மூர்த்தி இல்லை. எருசலேமை நோக்கிய திசையில் ஒரு பேழையும், அதன்முன் நம் கோயில்களிற்போல ஒரு நந்தாவிளக்கும் உள. பேழையுள் இருப்பது தோலிற் கையால் எழுதிய மறைச்சுருள். ஓரெழுத்துப் பிழைபடினும் திருத்துங்காறும் அச்சுருள் ஓதுதற்கு ஆகாது. பாக்தாத் மரபினர் அதனை நிமிர்ந்து நிற்கும் கூட்டில் வைத்து, விரல் படாவண்ணம் சுட்டுகோல் கொண்டு இசையோடு ஓதுகின்றனர். பதின்மூன்று வயது நிரம்பிய ஆடவர் பதின்மர் கூடினாலன்றி அச்சுருளை எடுத்து ஓதுதல் அம்மரபில் இல்லை. சிறுவரும் முதியரும் தம் தொப்பியையும் தோட்போர்வையையும் நாணாது அணிந்து நின்றனர்.

இவற்றை எழுதிய மாணாக்கர், “அயலானாகிய என்பொருட்டு அவருள் ஒருவரும் தம் அடையாளத்தை நீக்கவில்லை, யானோ அவர் கேளாமலே என் அடையாளத்தை நீக்கினேன்” என்று வருந்தி, மூன்று வினாக்கள் விடுத்தார்.

முதல் வினா, உருவமின்றி வழிபடுவார்க்கு முதல்வன் அருளுவனோ என்பது. முதல்வன் தன்னியல்பில் உருவம், அருவம், அருவுருவம் என்னும் மூன்றனையும் கடந்தவன். அம்மூன்றனையும் கொள்வது உயிர்கள்மாட்டு வைத்த அருளால். எத்தெய்வத்தை எவர் வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்பவன் அம்மையை ஒருபாகத்துடைய நம் பெருமானே என்பது சுபக்கத்தின் துணிபு. ஆதலின் அருளுவன் என்பதில் ஐயமில்லை.

எனினும், எல்லாம் ஒன்றே என மயங்குதலும் கூடாது. உலகம் ஏதுமில்லாமையினின்று இறைவனாற் படைக்கப்பட்டது என்பது யூதப் பேராசிரியர் பலர் கொள்கை. யாமோ இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதம் பற்றி மாயையை முதற்காரணமாகவும், ஆணவத்தை அநாதியாகவும் கொள்ளுகின்றோம். யூதர் இறைவனுடைய நான்கெழுத்துப் பெயரை வாயாற் சொல்லார். ஓதுங்கால் அது வருமிடத்து ஆண்டவன் எனப் பொருள்படும் வேறு சொல்லை ஓதுவர். நம் ஐந்தெழுத்தோ ஓதி உய்தற்கென்றே அருளப்பட்டது. ஆயினும் வாசகம், உபாஞ்சு, மானதம் என்னும் மூவகைச் செபத்துள் மானதமே சிறந்ததென யாமும் கூறுகின்றோமன்றோ? திருநாமத்தை எளிய சொல்லாக்கி இழக்கலாகாது என்னும் அச்சம் இருவர்க்கும் உண்டு.

இரண்டாவது வினா, அங்கு நின்றது பிழையோ என்பது. சேரமான் பெருமாள் நாயனார் வழிபட்ட திருவஞ்சைக்களம் கொடுங்கோளூரை அடுத்துள்ளது. அப்பக்கத்து முயிரிக்கோட்டிலிருந்து, கி. பி. 1000 ஐ ஒட்டி, சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் சோசப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவர்க்குக் குடை, பல்லக்கு, தோரணம் உள்ளிட்ட 72 உரிமைகளை வட்டெழுத்துச் செப்பேட்டில் வழங்கினான். கொச்சியில் 1568 இல் எடுக்கப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தார் அச்செப்பேட்டைப் போற்றி வந்தனர். ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் அண்டையில் வாழ்ந்தவர் வழிபாட்டைக் காண்பது பிழையாகாது. உள்ளத்தில் நம்பாததனை நம்பினாற்போல நடித்தலே பிழை. மாணாக்கர் அடக்கத்தோடு நின்றார், நடித்தாரல்லர்.

மூன்றாவது வினா, நீற்றைத் துடைத்தமைக்கு யாது செய்வதென்பது. பகைவன் நெற்றியில் நீறு கண்டு, வாளை நீக்காது பொருவார்போல் எதிர்நின்று உயிர் கொடுத்தவர் ஏனாதிநாத நாயனார். அந்நீற்றை நாம் நாணத்தால் நீக்கினோமெனின் அது சிறுகுற்றமாகாது. ஆனால் அக்குற்றம் அவர்க்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உண்டு. பதினான்கு மதங்களையும் மறுக்க அவர்க்குக் கற்பித்தோம். அயலார் நடுவில் நீறணிந்த நெற்றியோடு அஞ்சாதும் இகழாதும் நிற்கக் கற்பித்தோமில்லை. வாதத்தில் வெல்வார்க்கு அந்நிலை தானே வருமென்று எண்ணியிருந்தோம். வரவில்லை. ஆதலின் கழுவாயும் இருவர்க்கும் பொது. மூழ்கி, முறைப்படி நீறணிந்து, ஐந்தெழுத்தை எண்ணி, நீற்றோடே மீண்டும் அவ்விடத்திற்குச் செல்லுமாறு அவர்க்கு எழுதினோம். பரபக்கம் தொடங்குமுன் சரியையின் ஒழுக்கத்தை மாணாக்கர் உள்ளத்தில் ஊன்றச் செய்வதை நமக்கு விதித்துக்கொண்டோம்.

இவ்வாரம் அவரிடமிருந்து மறுமொழி வந்தது. நீறணிந்தே சென்றாராம். தடுத்தாரில்லை. அன்று எழுதவேண்டாவென்ற முதியவர் நெற்றியைக் கண்டு அஃது யாதென வினவினாராம். உடம்பு முதலிய யாவும் முடிவில் நீறாதலையும், நீறாகாது நிற்பவன் முதல்வன் ஒருவனே என்பதனையும் அது காட்டும் என இவர் விடையிறுத்தார். அதுகேட்ட முதியவர், தம் முன்னோராகிய ஆபிரகாம் இறைவன் திருமுன்னர்த் தம்மைச் சாம்பராகக் கூறித் தாழ்ந்து நின்ற செய்தி தம் மறையிலும் உண்டென்றாராம்.

நீற்றைத் துடைத்துச் சென்றிருப்பின் அச்சொல்லை இவர் கேட்டிரார். மடங்களிலும் பாடசாலைகளிலும் பயிற்றும் ஆசிரியர்கள் இதனைச் சிந்திப்பாராக.

திருச்சிற்றம்பலம்