குக்கர் மூடியைக் கவனிப்போம்



திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள்ளே ஆவி அடைபடுவதால் சூடு ஏறக்குறைய 120 டிகிரி வரை ஏறும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகுது, கேஸும் மிச்சமாகுது. ஆனால் ஆவி வெளியேறும் வழி அடைத்துக்கொண்டால் அதே குக்கர் நமக்கு ஆபத்து.

விசில் வரவில்லையா? உடனே அடுப்பை அணைப்போம். நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். வெயிட் மாட்டும் குழாயில் பருப்பு நுரை அடைத்திருக்கும். ஊசியால் குத்தி, ஊதிப் பார்ப்போம். சமைக்கும் முன் தினமும் மூடியை வெளிச்சத்தில் தூக்கி, ஓட்டை தெரியுதான்னு பார்ப்பது நல்லது. அரிசி, பருப்பு என்றால் தண்ணீரோடு சேர்த்துப் பாதி அளவுக்கு மேல் வைக்கக் கூடாது.

ஓரத்தில் ஆவி கசியுதா? காஸ்கெட்டைக் கழற்றிக் கழுவி மாட்டுவோம். தளர்ந்து, வெடித்திருந்தால் புதிது வாங்குவோம்.

சேஃப்டி வால்வு உருகிவிட்டதா? தண்ணீர் வற்றியோ, குழாய் அடைத்தோ சூடு மிஞ்சினால் அது உருகி ஆவியை வெளியே விடும். நம்ம உயிரைக் காப்பது அதுதான். அந்த ஓட்டையை ஆணி, சோப்பு, எம்-சீல் வைத்து அடைக்கவே கூடாது. அதே கம்பெனி வால்வையே வாங்கி மாட்ட வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவரவர் குக்கர் மூடியைக் கொண்டு வாங்க. ஒருவர் மூடியை ஒருவர் சோதித்துப் பார்ப்போம்.