விளையாட்டுப் பொறியில் இல்லக் காட்சி

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் நெல் இருப்பது பத்தாயத்தில். சோறு வேவது அடுக்களையில். இரண்டையும் ஒன்றாக்க நம் முன்னோர் எண்ணினாரல்லர். இல்லத்திற் படமும் பாட்டும் வழங்கும் கணிப்பொறிகட்கும் இவ்வொழுங்கே ஏற்றதென்பதை ஈண்டு ஆராய்வோம். 2002-ஆம் ஆண்டில் ஐசக் ரிச்சர்ட்ஸ் தொடங்கிய மித்டிவி என்னும் லினக்ஸ் மென்பொருள் இந்நெறியினது. பதிந்து சேமிப்பது ஒரு பொறி. தொலைக்காட்சிக்கருகே அமர்ந்து காட்டுவது பிறிதொன்று. பின்னதை முகப்புப் பொறி என்பேம். அதற்குப் பெருவலிமை வேண்டா, பிழையாமை வேண்டும்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2001-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் இத்தொழிலுக்கு வாய்த்தது. 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் செயலி, 64 மெகாபைட் நினைவகம், 8 அல்லது 10 ஜிகாபைட் வன்தட்டு, வலைப்பின்னற் கம்பிக்குரிய வாய் ஆகியவற்றால் அஃது ஏறத்தாழ மேசைக்கணினியே. ஆயினும் நிறுவனத்தாரின் ஒப்பமில்லா நிரலை ஏற்காது. அதில் லினக்ஸை இயக்குவார்க்கு 2,00,000 டாலர் பரிசு தருவதாக மைக்கேல் ராபர்ட்சன் 2002-இல் முன்வந்தார். மறு ஆண்டே, சில விளையாட்டுகளின் சேமிப்புக் கோப்புகளைக் கையாளுமிடத்திருந்த வழுவின் வழியாக, பெட்டியைத் திறவாமலே லினக்ஸ் உட்புகுந்தது. பூட்டியவனே திண்ணைச் சாளரத்தைத் திறந்து வைத்தாற்போலும்!

என் மாமா வளைகுடா நாட்டினின்று கொணர்ந்த பெட்டியொன்று எம் வீட்டிற் கிடந்தது. காலஞ்சென்ற தாத்தாவின் பாடல்கள் பூசணம் பிடித்த ஒலிநாடாக்களில் இருந்தன. அவற்றைக் கோப்புகளாக்கி, பாட்டி கேட்கும்பொருட்டு அப்பெட்டியின் வன்தட்டிலேயே வைத்தேன், வேறெங்கும் வைத்திலேன். பத்தாயத்தை அடுக்களையில் இட்ட பேதைமை அது.

பழைய எக்ஸ்பாக்ஸ்களிற் பலவற்றில், கடிகாரத்தைக் காக்கும் மின்தேக்கி முதுமையுற்றுக் கசிந்து, பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். எம் பெட்டி அவ்வாறே மாண்டது. வன்தட்டோ கடவுச்சொல்லாற் பூட்டப்பட்டது. அதனைத் திறத்தற்குரிய திறவுகோல் பலகையிலுள்ள சிறு நினைவகச் சில்லில் இருப்பது. பழுதுபார்ப்போர், பயனற்றதென்று பலகையை எறிந்துவிட்டனர். திறவுகோலும் அதனுடன் போயிற்று. நாடாக்களினின்று மீளவும் எடுக்க முயன்றபோது மூன்று பாடல்கள் மட்டும் வாரா, நாடா அறுந்திருந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

நண்பரொருவரிடம் வாங்கிய இரண்டாம் பெட்டியில் அம்மின்தேக்கியை முதலிலேயே அகற்றினேன். நேரத்தை வலைப்பின்னல் வழியே பெறுகிறது. இடிமழையில் மின்சாரம் போவது நமக்குப் புதிதன்று. தட்டில் எழுதுங்கால் போயின் கோப்பமைப்பு சிதையும். ஆதலின் இயங்குதளம் முழுவதையும் படிக்க மட்டுமாக அமைத்து, குறிப்பேடுகளை நினைவகத்தில் எழுதச் செய்தேன். 64 மெகாபைட்டையும் செயலியும் படக்காட்சியும் பகிர வேண்டியிருத்தலின், சாளர அலங்காரங்களை நீக்கி முகப்பு நிரலொன்றையே விட்டேன். குறுவட்டுத் தரப் படங்கட்கு அது போதும். உயர்தெளிவுப் படங்கள் திணறும். கம்பியில்லா இணைப்பை நாடவில்லை.

பிறர் கையிலுள்ள பூட்டு எந்நாளும் ஐயத்திற்குரியது. பிளேஸ்டேஷன் 3-இல் வேறு இயங்குதளம் நிறுவ முதலில் இசைந்த சோனி நிறுவனத்தார், 2010 ஏப்ரல் 1-இல் வந்த 3.21-ஆம் பதிப்பினால் அவ்வசதியை நீக்கினர். அப்பதிப்பை ஏற்றியோர் லினக்ஸை இழந்தனர்.

பாடல்கள் இப்போது பின்னறைக் கணினியிலும் வேறொரு தட்டிலும் உள்ளன. புதிய பெட்டியின் அச்சில்லில் இருப்பது 256 பைட்டே. அதனை நகலெடுத்துத் தாளிலும் எழுதி, பாட்டியின் பத்தாயத்து மூடியின் உட்புறம் ஒட்டியுள்ளேன்.