குடும்ப அட்டையில் இல்லாத அண்ணன்

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் ஷாப்களுக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார் ஓர் அம்மாள். அறுபது வயதைத் தாண்டிவிட்டார். பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில். 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு முடித்துத் திண்டுக்கல் வந்த குடும்பம். அவர் பத்திரமாக வைத்திருக்கும், தாயகம் திரும்பியோருக்கான பழைய குடும்ப அட்டையை எனக்குக் காட்டினார். ஒட்டியிருக்கும் படத்தில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். படத்தின் ஓரத்தில் பாதியும் தாளில் பாதியுமாக வட்ட முத்திரை. கீழே மையில் எழுதிய பெயர்கள், வயது, உறவுமுறை. மூத்த அண்ணன் மட்டும் அதில் இல்லை.

“அண்ணனுக்கு அப்பவே பதினெட்டு முடிஞ்சிருச்சு. தனியா எழுதிப் போட்டாரு. அவரு சிலோன் பிரசாவுரிமை கேட்டாரு, அப்பா இந்தியாவுக்குக் கேட்டாரு” என்றார்.

ஒரே லயத்துக் காம்பிராவில் இருந்த குடும்பங்கள் இரண்டு நாடுகளாகப் பிரிந்தது இப்படித்தான். 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகை செய்தது. மீதமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1964 ஒப்பந்தப்படி விண்ணப்பிக்க 1970 ஏப்ரல் 30 கடைசி நாள். வயது வந்த பிள்ளை தனி விண்ணப்பதாரர். யார் எந்தப் பக்கம் போவது என்பது பல வீடுகளில் ஒரே ராத்திரிப் பேச்சில் முடிவாகியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அண்ணனின் கடிதங்கள் 1983 ஜூலைக் கலவரத்தோடு நின்றுபோயின. அதற்குப் பிறகு அம்மாள் தேடிய விதத்தில்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் அவர் பெயரை வைத்துத் தேடினார். பேஸ்புக்கில் பேரன் அண்ணன் பெயரைப் போட்டுப் பார்த்தான். அதே பெயரில் மலையகம் முழுக்க ஆட்கள். தோட்டத்து ஜனங்களைப் பெயரால் கண்டுபிடிப்பது கடினம், இடத்தால் கண்டுபிடிப்பது எளிது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், மேல் கணக்கா கீழ் கணக்கா, கங்காணி யார், எந்தக் கோயில் திருவிழா என்று சொன்னால் போதும், அந்த லயத்தில் இருந்தவர்கள் “அவரா!” என்று சொல்லிவிடுவார்கள். தோட்டத்துக்குத் தமிழில் ஒரு பெயரும் ஆபீஸ் தாளில் வேறொரு பெயரும் இருப்பதுண்டு, இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, இலங்கையில் தேடுவதற்கு முன் தமிழ்நாட்டில் விசாரித்தார். இது முக்கியம். தாயகம் திரும்பியோர் கொடைக்கானல் மலையிலும் நீலகிரியிலும் பெருமளவில் குடியேறினார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீ அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தொடங்கப்பட்டது. ஒரே தோட்டத்து ஆட்கள் இங்கும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள், கொள்வினை கொடுப்பினையும் தங்களுக்குள் வைத்திருக்கிறார்கள். கோத்தகிரியில் இருந்த ஒரு பழைய லயத்துத் தோழிதான் சேதி சொன்னார்: கலவரத்துக்குப் பிறகு அண்ணன் குடும்பம் பதுளையை விட்டு ஹட்டன் பக்கம் போய்விட்டது. அங்குள்ள தோட்டப் பள்ளி முகவரிக்கு ஒரு கடிதம் போனது. பதில் எழுதியது அண்ணன் மகன். அண்ணன் இறந்து பல வருஷமாகிவிட்டது.

அந்த மருமகனுக்கும் இந்தியாவோடு ஒரு காரியம் பாக்கி இருந்தது. அவர் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓசிஐ வாங்க நினைத்திருந்தார். இந்தியக் குடிமகனின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை அதற்குத் தகுதி உண்டு. அவருடைய தாத்தா இந்தியக் குடியுரிமை பெற்றுத் திண்டுக்கல்லில் இறந்தவர். ஆனால் அதற்கான தாள் ஒன்றுகூட ஹட்டனில் இல்லை. தாத்தா கண்டியில் வாங்கிய இந்திய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் பேகம்பூரில் அத்தை வீட்டில் இருந்தன. அத்தைக்கோ, தன் அப்பா பிறந்த கிராமம் எது என்று அதுவரை தெரியாது. அது மருமகன் வைத்திருந்த பழைய பிரசாவுரிமை விண்ணப்ப நகலில் இருந்தது: மதுரை ஜில்லா, திண்டுக்கல் தாலுகா, கீழே கிராமத்தின் பெயர்.

உறவைத் தேடுவது ஒரு வேலை, உரிமை கேட்பது இன்னொரு வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை இரண்டும் ஒன்றுதான். பிரிந்த குடும்பத்தில் தாள்களும் பிரிந்தே கிடக்கின்றன. ஆகவே கையில் இருப்பதை வைத்து அவசரமாக மனுப் போடாமல் முதலில் ஆளைத் தேடுங்கள்.

அந்தக் கிராமப் பெயரில் இன்னொரு பாடமும் இருக்கிறது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15இல்தான். அதற்கு முந்தைய தாள்களில் எல்லாமே மதுரை ஜில்லா. கரூர்க்காரர் தாத்தாவின் ஊரைத் திருச்சி ஜில்லாவிலும், நாமக்கல்காரர் சேலம் ஜில்லாவிலும் தேட வேண்டும். ஊரைக் கண்டுபிடித்த பிறகு பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டியதில்லை. சார் பதிவாளர் அலுவலகத்தில் தாத்தாவோ அவர் அண்ணன் தம்பியோ நிலம் விற்ற பத்திரம் இருக்கலாம். வில்லங்கம் போட்டுப் பார்த்து, பத்திரத்தின் நகலை எடுத்தால் தகப்பன் பெயரோடு வரும். திரும்பி வந்தவர்களுக்காக மத்திய அரசு 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கியில் குடும்பத்தில் யாராவது உறுப்பினராக இருந்தார்களா என்றும் விசாரிக்கலாம்.

பெயர்க் குழப்பம் எல்லா வீட்டிலும் உண்டு. பாஸ்போர்ட்டில் கருப்பன், பேரனின் தாளில் கருப்பையா. நோட்டரி முன் ‘இருவரும் ஒருவரே’ என்று பிரமாணப் பத்திரம் போடுவது வழக்கம், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. மனைவி பெயர், தோட்டம், வயது மூன்றும் ஒத்துப்போகும் பழைய தாள் இரண்டு இருந்தால் அதுதான் பலம். பேரனின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர், அப்பாவின் பிறப்புச் சான்றில் தாத்தா பெயர் என்று ஒரு கண்ணிகூட அறாமல் வர வேண்டும். பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள். அசலை எந்தத் தரகரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

ஓசிஐ என்பது குடியுரிமை ஆகாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்க விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

போரால் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் வாழும், திண்டுக்கல்லை ஒட்டிய தோட்டனூத்து மறுவாழ்வு முகாமில் கதை வேறு. 2022 செப்டம்பரில் அங்கே 321 புது வீடுகள் திறக்கப்பட்டன. வீடு வந்துவிட்டது, குடியுரிமை வரவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. “எங்க தாத்தா இந்த மண்ணுல பிறந்தவரு” என்று அவர்கள் சொல்லும்போது நியாயம் முழுக்க அவர்கள் பக்கம்தான். ஆனால் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தாத்தாவைக் கணக்கில் எடுப்பதில்லை. விண்ணப்பதாரரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். அதோடு, படகில் வந்தவர்களை ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்ற சொல் வழிமறிக்கிறது. 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இப்படிப்பட்ட வம்சாவளியினர் புதிதாக விண்ணப்பிக்கலாம், அரசு அதைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். என் கணிப்பில், பெற்றோரில் ஒருவராவது இந்தியாவில் பிறந்ததற்குத் தாள் வைத்திருக்கும் குடும்பங்கள் அந்தத் தீர்ப்பின் நகலை இணைத்தே மனுப் போட வேண்டும்.

இலங்கைக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் 2003இல் அந்நாடு ஒரே சட்டத்தில் குடியுரிமை கொடுத்தது. போரால் இந்தியாவுக்கு வந்துவிட்டவர்களுக்கு 2009 திருத்தம் அதை நீட்டித்தது. முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தத் தாள் வேலைகளில் உதவிவருகிறது.

முகாமில் பலருக்கும் தெரியாமல் போகிற ஒரு தேதி உண்டு: 1987 ஜூலை 1. அதற்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண் இதைச் சொல்லித்தான் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவு வந்தது, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அவர் கையில் இருந்த பெரிய ஆதாரம் பிறப்புச் சான்றிதழ். 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்களின் மூத்த பிள்ளைகள் பலர் இந்தக் கோட்டுக்கு முன்னால் பிறந்தவர்கள். பிறந்தது எந்த ஊராட்சி, எந்த அரசு மருத்துவமனை என்று அம்மாவிடம் கேட்டு, அந்தப் பதிவேட்டிலிருந்து சான்று எடுப்பதுதான் அவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை.