சொல் அறிவோம்: கிரீவம்

‘சுக்ரீவன்’ என்ற பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ‘சு’ன்னா அழகிய, ‘கிரீவம்’னா கழுத்து. அழகிய கழுத்துடையவன்!

இதே சொல் கோயில் கட்டடக் கலையிலும் உண்டு. கருவறை விமானத்துக்கு அடி முதல் முடி வரை ஆறு அங்கங்கள்: அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. இதில் சிகரம்தான் தலை. அதைத் தாங்கும் ஒடுங்கிய பகுதி கிரீவம்.

கீதையின் 6ஆம் அத்தியாயத்தில், தியானத்தில் அமர்பவர் உடல், தலை, கழுத்து மூன்றையும் நேராக வைக்கணும் என்கிறார் கண்ணபிரான். அங்கே கழுத்துக்கு வரும் சொல்லும் ‘கிரீவம்’தான்.

கழுத்து சாய்ந்தால் சிகரம் நிற்குமா? கைப்பேசியைப் பார்த்தே குனிந்துபோன நம்ம கழுத்தையும் நிமிர்த்துவோம். அடுத்த முறை கோயிலுக்குப் போனால், விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கிரீவத்தைக் கண்டுபிடியுங்கள், இளைஞர்களே!