பனிக்காலத்திலும் ஓட்டம்: ரொறொன்ரோப் பெரும்பாகத் தமிழர்க்கான டிசம்பர் – மார்ச் ஆலோசனை

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மணிக்கூடுகள் ஒரு மணிநேரம் பின்னோக்கி நகர்த்தப்பட்டதும், ஒன்ராறியோ ஏரிக்கரையிலும் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் ஆகிய இடங்களின் பூங்காப் பாதைகளிலும் கோடை முழுவதும் ஓடிக்கொண்டிருந்தோரின் தொகை விரைந்து குறையத் தொடங்குகிறது. டிசம்பர் நடுப்பகுதியில் சூரியன் மாலை 4:40 மணியளவிலேயே மறைந்துவிடுவதால், வேலை முடிந்து திரும்புவோர் இருளில் வீடு சேர்கின்றனர். வசந்தம் வந்ததும் மீண்டும் தொடங்கலாம் என்று சப்பாத்துகள் அலுமாரிக்குள் போகின்றன. ஏப்ரல் வரும்போது கோடையில் ஈட்டிய உடல்வலுவின் பெரும்பகுதி போய்விடுகிறது. ஓட வேண்டும் என்ற உந்துதல் முதலில் தோன்றும், அதன் பின்னர் வெளியே செல்லலாம் என்று காத்திருப்பதே இவ்விழப்புக்கு முதற்காரணம். பனிக்காலத்தில் இந்த வரிசை தலைகீழாக அமைகிறது: புறப்படும் முடிவு முந்திய இரவே எடுக்கப்பட வேண்டும், உந்துதல் ஓடத் தொடங்கிய பின்னரே வந்துசேரும். இவ்வாலோசனையின் மற்ற அனைத்தும் இந்த ஒன்றை நடைமுறைப்படுத்துவதற்கானவையே.

உந்துதல் குன்றுவதற்குக் குளிரே காரணம் என்று பலரும் கருதினாலும், ஒளிக்குறைவின் பங்கும் அதில் பெரிது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணிநேரம் மட்டுமே. ரொறொன்ரோவிலோ அவ்வேறுபாடு ஆறரை மணிநேரம், அதாவது ஜூன் மாதத்தின் பதினைந்தரை மணிநேரப் பகல் டிசம்பரில் ஒன்பது மணிநேரத்துக்கும் குறைவாகச் சுருங்குகிறது. உறக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் உடலின் உள்மணிக்கூடு காலை ஒளியைக் கொண்டே தன்னைச் சரிசெய்துகொள்வதால், இருளிலேயே எழுந்து இருளிலேயே வேலைக்குச் செல்வோரிடம் சோர்வும் உணவுமீதான நாட்டமும் கூடுவது இயல்பு. இது சிலரிடம் முற்றிய மனச்சோர்வாகவே மாறுகிறது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வந்து வசந்தத்தில் நீங்கும் இந்நிலையை நோர்மன் ரோசென்தாலும் அவருடன் பணியாற்றியோரும் 1984இல் 'பருவகால உணர்நிலைக் கோளாறு' என்ற பெயரில் விவரித்தனர். வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றியும் காரணமின்றி அழுகை வரும்படியும் இருப்போர் அதைச் சோம்பல் என்று தம்மைத் தாமே பழிக்காமல் குடும்ப வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அது சிகிச்சையால் தீரக்கூடிய நோய். ஏனையோர் செய்யத்தக்கது, வாரத்தில் இரண்டொரு ஓட்டங்களையேனும் பகல்வெளிச்சத்துக்கு மாற்றுவது. மேகம் மூடிய டிசம்பர் நண்பகலின் வெளிச்சம்கூட, நன்கு விளக்கேற்றிய அறையின் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு வலியது என்பதால், மதிய இடைவேளையின் அரைமணிநேர ஓட்டம் மாலை இருளில் ஓடும் ஒரு மணிநேரத்தைவிட மனத்துக்குப் பயன் தரக்கூடும்.

குளிரின் தடை, பெரும்பாலும் முதல் பத்து நிமிடங்களின் தடையே. உடல் குளிர்காற்றுக்குள் வந்தவுடன், உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்கும்பொருட்டுத் தோலிலும் கைகால்களிலும் உள்ள இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. விரல்கள் மரத்துப்போவதும் முகம் எரிவதும் அதனால்தான். ஆனால் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்காற்பங்கு வெப்பமாகவே வெளிப்படுவதால், ஓட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அந்த வெப்பம் குளிரை ஈடுசெய்கிறது. சுருங்கிய குழாய்கள் மீண்டும் விரிந்து விரல்நுனிவரை சூடு பரவுகிறது. வாசலில் நின்று குளிரை அளந்து பார்ப்பவர், ஓட்டம் முழுவதும் அந்நிலையே நீடிக்கும் என்று தவறாக எண்ணித் திரும்பிவிடுகிறார். எனவே, எத்தகைய சோர்வான நாளிலும் பத்து நிமிடம் மட்டும் மெதுவோட்டம் ஓடுவது, அதன் பின்னரும் விருப்பமில்லையெனில் குற்றவுணர்வின்றித் திரும்பிவிடுவது என்ற விதியை ஒவ்வொருவரும் தமக்கு வகுத்துக்கொள்வது நன்று. அவ்வாறு திரும்பிய நாளும் ஓடிய நாளாகவே கணக்கிடப்பட வேண்டும்.

முடிவை முந்திய இரவுக்கு நகர்த்துவதற்கு உளவியலில் உறுதியான அடிப்படை உண்டு. ஒரு குறிக்கோளை 'ஓட வேண்டும்' என்று பொதுவாக வைத்திருப்பதைவிட, 'செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத் தேநீர் குடித்து முடித்ததும் வாசலில் சப்பாத்து அணிவேன்' என்று இடமும் நேரமும் முன்நிகழ்வும் இணைத்து உறுதிசெய்துகொள்வோர் அதைக் கூடுதலாக நிறைவேற்றுகின்றனர் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் 1999இல் வெளியிட்ட ஆய்வுரை தொகுத்துக் காட்டியது. இத்தகைய உறுதிப்பாட்டைச் 'செயலாக்க எண்ணம்' எனலாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் பிறரும் நடத்தி 2010இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் தேவைப்பட்டன. சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருக்க, வேறு சிலருக்கு 254 நாட்கள்வரை தேவைப்படும் என்று மதிப்பிடப்பட்டது. அதே ஆய்வின் மற்றொரு முடிவு இன்னும் ஆறுதலானது: இடையில் ஒருநாள் தவறுவதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை. ஆகவே டிசம்பரில் தொடங்குவோர் பெப்ரவரிவரை இது சிரமமாகவே இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பதும், தவறிய ஒருநாளை முழு முயற்சியின் தோல்வியாகக் கொள்ளாதிருப்பதும் வேண்டும். இன்றிரவே செய்ய வேண்டியவை எளியவை: மறுநாளுக்குரிய உடைகளை அடிமுதல் மேல்வரை அணியும் வரிசையில் சூடேற்றியின் அருகே எடுத்துவைத்தல், தலைவிளக்கையும் கைத்தொலைபேசியையும் மின்னேற்றிவைத்தல், ஓடும் பாதையைத் தீர்மானித்தல். காலை ஐந்து மணிக்குக் கையுறையைத் தேட நேர்வது பல ஓட்டங்களை முடித்துவைக்கப் போதுமானது.

உடையில் செய்யப்படும் பிழைதான் புதியவர்களைப் பனிக்கால ஓட்டத்திலிருந்து விரட்டுகிறது. அப்பிழை பெரும்பாலும் குறைவாக உடுத்துவதன்று, மிகையாக உடுத்துவதே. தடித்த பனிக்கால ஜக்கெட்டுடன் ஓடுபவர் பதினைந்து நிமிடத்தில் வியர்வையில் நனைகிறார். நனைந்த துணி உலர்ந்த துணியைவிட மிக விரைவாக உடல்வெப்பத்தை வெளியேற்றுவதால், வேகம் குறைந்தவுடன் நடுக்கம் தொடங்குகிறது. வெளியே காட்டும் வெப்பநிலையைவிடப் பத்துப் பாகை கூடுதலாக இருந்தால் நடப்பதற்கு எதை அணிவோமோ அதை ஓடுவதற்கு அணிய வேண்டும் என்பது ஓட்டக்காரர்களிடையே வழங்கும் கணக்கு; வாசலில் சற்றுக் குளிர்வதே சரியாக உடுத்தியதற்கு அடையாளம். தோலை ஒட்டிய முதல் அடுக்கு வியர்வையை வெளிநோக்கிக் கடத்தும் பொலியெஸ்ரராகவோ மெரினோ கம்பளியாகவோ இருக்க வேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னுள்ளே தேக்கிவைப்பதால், தாய்நாட்டின் வெயிலுக்கு உகந்த அந்தத் துணி இங்கே பனிக்காலத்தில் தீங்கு செய்கிறது. கடுங்குளிர் நாளில் வெப்பத்தைத் தேக்கும் மெல்லிய நடு அடுக்கு ஒன்றும், காற்றைத் தடுக்கும் இலேசான மேலடுக்கு ஒன்றும் சேர்ந்தால் போதும். விரல்களைத் தனித்தனியே பிரிக்கும் கையுறையைவிட, நான்கு விரல்களையும் ஒன்றாக வைத்திருக்கும் கையுறை கூடுதல் சூடு தரும். காது மூடும் தொப்பியும், மூக்குவரை இழுத்துவிடக்கூடிய கழுத்துத் துணியும் கட்டாயம் தேவை. இவற்றைவிட விலையுயர்ந்த எதுவும் தொடக்கத்தில் தேவையில்லை.

வெப்பநிலையை மட்டும் பார்ப்பது போதாது. காற்றுக்குளிர் எண்ணையும் பார்க்க வேண்டும். காற்று வீசும்போது தோல் வெப்பத்தை இழக்கும் வேகத்தை, காற்றில்லாத நாளின் வெப்பநிலைக்கு ஒப்பிட்டுக் கூறும் எண் இது. இன்று கனடாவில் பயன்படும் முறை 2001இல் அறிமுகமானது. வெப்பநிலை -10 பாகை, காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் எனில், காற்றுக்குளிர் -20 ஆகிறது. மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றுக்கு எதிராக 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவரின் முகத்தில் படுவதும் அதே 30 கிலோமீற்றர் காற்றுத்தான் என்பதை ஓட்டக்காரர் மறக்கலாகாது. ஆகவே காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, வியர்த்த பின்னர் காற்று முதுகில் படும்படி திரும்பும் பாதையையே தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றுக்குளிர் -27ஐ அணுகும்போது, தோலும் அதன் அடித்திசுக்களும் உறைந்து சேதமடையும் பனிக்கடி என்ற ஆபத்து உயர்கிறது. -28க்கும் -39க்கும் இடையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். அத்தகைய நாட்களில் உள்ளரங்கமே உரிய இடம். அத்தகைய நாட்கள் அரிது என்பதும் நினைவிலிருக்கட்டும்: ரொறொன்ரோப் பகுதியில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை இடத்துக்கேற்ப -4 முதல் -6 பாகை அளவிலேயே உள்ளது.

கடுங்குளிரைவிட அஞ்சத்தக்கது, வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றி ஏறி இறங்கும் நாட்களே. பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறையும்போதும், உறைமழை பெய்த பின்னரும், தார்ச்சாலையின் கருமையே தெரியும்படி மெல்லிய பனிக்கட்டிப் படலம் படிகிறது. கரும்பனி எனப்படும் இது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. -8 பாகையில் பெய்து கிடக்கும் புதுப்பனியில் ஓடுவது, +1 பாகையில் ஈரம் மின்னும் நடைபாதையில் ஓடுவதைவிடப் பாதுகாப்பானது. கரும்பனி ஐயத்துக்குரிய நாளில் அடிகளைக் குறுக்கி, பாதம் உடலுக்கு நேர்கீழே பதியும்படி ஓட வேண்டும். அல்லது சப்பாத்தின்மேல் மாட்டும் கம்பிப்பற்களை அணிய வேண்டும். அல்லது அன்று வீட்டில் படியேறலாம். நேரக் கணக்கையும் வேகக் கணக்கையும் மார்ச்வரை ஒதுக்கிவைத்து, ஓடிய நிமிடங்களை மட்டும் எண்ணுவது சறுக்கி விழுவதையும் ஏமாற்றத்தையும் ஒருசேரத் தவிர்க்கும். இருளில் ஓடுவோர் ஒளிதெறிக்கும் மேலங்கியும் தலைவிளக்கும் இன்றி இறங்கலாகாது. நடைபாதை இல்லாத வீதியில் எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடியே ஓட வேண்டும்.

குளிரில் ஓடினால் தடிமன் பிடிக்கும், நுரையீரல் உறைந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதுண்டு. அக்கறையிலிருந்து எழும் அச்சொல்லை மதித்தே விளக்கம் தரலாம்: தடிமனுக்குக் காரணம் வைரஸ், அது அடைத்த அறைகளில் கூடியிருப்போரிடையே எளிதில் பரவுகிறது, உள்ளிழுக்கும் காற்று மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் சூடாகி ஈரமாகிய பின்னரே நுரையீரலின் ஆழத்தை அடைகிறது. எனினும் வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாய்களைச் சுருக்கி இருமலையும் இழுப்பையும் உண்டாக்கும் நிலை உண்மையானது. ஆஸ்துமா எனும் தொய்வு நோய் உள்ளோர் வாயையும் மூக்கையும் துணியால் மூடி, மெல்ல வேகம் கூட்டி, மருந்திழுப்பானை எப்போது பயன்படுத்துவது என்பதை வைத்தியரிடம் கேட்டறிந்து ஓட வேண்டும். வெளியே ஓடுவதால் விட்டமின் டி கிடைத்துவிடும் என்று நம்பவும் கூடாது. இந்த அகலக்கோட்டில் பனிக்காலச் சூரியன் மிகத் தாழ்ந்திருப்பதால் தோல் அதை ஆக்கமுடிவதில்லை, கருநிறத் தோலுடையோருக்குக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு மேலும் அதிகம்.

தமிழர்கள் தனித்துக் கவனிக்க வேண்டியது இதயம். ஹமில்ரன் நகரின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளிலிருந்து, தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது 53 என்றும் ஏனைய நாடுகளில் அது ஏறத்தாழ 59 என்றும் 2007இல் தெரியவந்தது. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயர்ந்து இதயத்தின் சுமை கூடுகிறது. ஆகவே நாற்பதைக் கடந்தவர்களுள் நீண்டகாலம் ஓடாதவர்களும், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் உள்ளவர்களும் வைத்தியரின் ஒப்புதலுக்குப் பின்னரே தொடங்க வேண்டும்; அதுவரை நடக்கலாம். வாசற்பனியை அள்ளிய நாளில் அதுவே அன்றைய உழைப்பு. அதன்மேல் ஓட்டத்தையும் சேர்ப்பது தவறு. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நின்று 911ஐ அழைக்க வேண்டும்.

தனியே எழ முடியாதவரையும் துணை எழுப்பிவிடும். தெருமுனையில் ஒருவர் குளிரில் காத்திருக்கிறார் என்ற எண்ணத்தை மீறிப் போர்வைக்குள் கிடப்பது கடினம். பெண்கள் பலர் இருளில் தனியே ஓடத் தயங்குவது நியாயமானது என்பதால், அயலில் மூவரோ நால்வரோ சேர்ந்து நாளும் நேரமும் குறித்துக்கொள்வது இப்பருவத்தில் மிகவும் பயன்தரும். குறிக்கோள் ஒன்றும் வேண்டும் எனில், அது அருகிலேயே உள்ளது: ஹமில்ரனில் மார்ச் இறுதியில் நடைபெறும் 'அரவுண்ட் த பே' என்ற 30 கிலோமீற்றர் ஓட்டம் 1894இல் தொடங்கியது, பொஸ்ரன் மரதனைவிட மூன்றாண்டு மூத்தது. ஒனொண்டாகா இனத்தவரான தொம் லோங்போட் 1906இல் இதை வென்ற பின்னரே 1907இல் பொஸ்ரனை வென்றார். 'அரவுண்ட் த பே' ஓட்டத்தில் பங்குகொள்வோர் பலரும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் பனியில் பயின்றே வருகின்றனர். முழுத்தூரம் இயலாதோருக்கு அங்கே 5 கிலோமீற்றர் ஓட்டமும் உண்டு. டிசம்பர் முதல் வாரத்தில், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் என்று தொடங்குவோருக்கு அதற்கு ஏறத்தாழ 16 வாரங்கள் உள்ளன. நடந்தும் ஓடியும் 5 கிலோமீற்றரை எட்டுவதற்கு அது போதுமான காலம்.