பழைய கார்: விலை வேறு, செலவு வேறு

2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்பும் இவ்விரு ஊர்களுக்கிடையே நாள்தோறும் போய்வந்தவர்கள் உண்டு. அதன் பின்னரும் இருக்கின்றனர். சித்தூரில் சொந்த வீடு, பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர். திருப்பதியிலோ திருமலையிலோ பணியிடம். பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இத்தகைய வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில் இருக்கும்: "மூன்று லட்சத்துக்குள் நல்ல மைலேஜ் தரும் பழைய கார் வாங்கலாம் என்றிருக்கிறோம், கடன் எவ்வளவு கிடைக்கும்?"

கடன் எவ்வளவு என்பதற்கு விடை எளிது. ஆனால் இக்கேள்வியில் காரின் விலை முதலில் நிற்கிறது. நாள்தோறும் 140 கிலோமீட்டர் ஓட்டுபவரின் கணக்கில் விலை பெரிய தொகையன்று என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

மாதத்திற்கு 25 வேலை நாட்கள் எனில் 3,500 கிலோமீட்டர், ஆண்டுக்கு 42,000. ஆந்திரத்தில் பெட்ரோல் விலை அண்டை மாநிலங்களான தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் விடக் கூடுதல். கணக்கின் வசதிக்காக லிட்டர் 110 ரூபாய் என்று கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் மாதம் சுமார் 25,670 ரூபாய்க்குப் பெட்ரோல் குடிக்கும். 18 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 21,390 ரூபாய் ஆகும். 22 கிலோமீட்டர் ஓடினால் 17,500 ரூபாய். முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மாதம் 4,280 ரூபாய்; இரண்டு ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆகவே மூன்று கிலோமீட்டர் குறைவாக ஓடும் காரை ஒரு லட்சம் ரூபாய் மலிவாக வாங்குபவருக்கு இரண்டே ஆண்டில் அந்த மலிவு கரைந்துவிடும். மூன்றாம் ஆண்டிலிருந்து நட்டம்.

இதனுடன் கடன் தவணையை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் 48 மாதங்களுக்கு வாங்கினால் தவணை 7,754 ரூபாய். பெட்ரோல் பங்க்கில் கொடுப்பதில் அது பாதியைக்கூட எட்டவில்லை. தவணையில் ஐந்நூறு ரூபாயைக் குறைக்கப் பேரம் பேசுபவர், மைலேஜ் விஷயத்தில் விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வது எங்களுக்கு எப்போதும் வியப்பே.

விளம்பரங்களில் காணும் மைலேஜ் எண்கள் ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மீது காரை ஓட்டிப் பெறப்படுபவை. 2021 இல் வந்த செலேரியோவுக்கு 25, 26 என்றும், பழைய ஸ்விஃப்ட் டீசலுக்கு 28.4 என்றும் அறிவிக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்டு ஓட்டும்போது அதில் ஐந்தில் ஒரு பங்காவது கழித்துக் கணக்கிடுவதே நல்லது. எரிபொருளில் எத்தனால் கலப்பு 20 சதவீதமாக உயர்ந்திருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதனால் நான்கு சக்கர வாகனங்களின் மைலேஜ் 1 முதல் 2 சதவீதமும், இதற்கு ஏற்ப அமைக்கப்படாத பழைய வாகனங்களில் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 இல் கூறியுள்ளது. 42,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 5 சதவீதம் என்பது ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்.

டீசல் கார் வாங்கலாமா? முன்பெல்லாம் நீண்ட தூரப் பயணம் என்றாலே டீசல்தான். இன்று டீசல் லிட்டர் 98 ரூபாய் என்று கொண்டு, 20 கிலோமீட்டர் ஓடினாலும் மாதம் 17,150 ரூபாய் ஆகிறது. 22 கிலோமீட்டர் ஓடும் சிறிய பெட்ரோல் காரைவிட 350 ரூபாயே மிச்சம். மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலில் டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், சந்தையில் கிடைக்கும் அதன் டீசல் கார்கள் அனைத்தும் அதற்கு முற்பட்டவை. இன்ஜெக்டர், டர்போ என்று ஒரு பழுது வந்தாலே ஓராண்டு மிச்சம் போதாது. தில்லிப் பதிவுள்ள மலிவான டீசல் கார்கள் தெற்கே வருவதும் உண்டு. அங்கு பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்கள் மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளே அந்த மலிவின் காரணம். இங்கு கொண்டுவந்து மறுபதிவு செய்து ஆயுள் வரி கட்டினால் மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க வேண்டும்.

சி.என்.ஜி.யே இக்கணக்கில் வெல்கிறது. கிலோ 95 ரூபாய், ஒரு கிலோவுக்கு 26 கிலோமீட்டர் என்று அடக்கமாகவே கொண்டாலும் மாதம் 12,800 ரூபாய்க்குள் முடிகிறது. ஆனால் நிறுவனமே பொருத்திய கிட் உள்ள காரையே நாடுங்கள். வெளியில் பொருத்தியதாயின் பதிவுச் சான்றிதழில் அது ஏற்றப்பட்டிருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்திருக்க வேண்டும். சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கொருமுறை நடக்கும் அழுத்தச் சோதனையின் சான்றைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் போய்வரும் வழியில் நிரப்பும் நிலையம் எங்குள்ளது, காலையில் வரிசை எவ்வளவு என்பதை வாங்குவதற்கு முன்பே ஒருநாள் போய்ப் பார்த்துவிடுவது நலம்.

எரிபொருளுக்கு அடுத்து, காரில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் மிஞ்சியிருக்கிறது என்பது. 60,000 ஓடிய காரை இன்று வாங்கினால் மூன்றாண்டில் அது 1,86,000 காட்டும். 1,20,000 ஓடியதை வாங்கினால் இரண்டரை லட்சத்தை நெருங்கிவிடும். அப்போது அதை வாங்க ஆள் தேட வேண்டும். எனவே வயது இரண்டாண்டு கூடினாலும் குறைவாக ஓடிய காரே உங்களுக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. ஆனால் ஒரு வரம்பு உண்டு. முன்பயணிக்கும் ஓட்டுநருக்கும் காற்றுப்பை எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது 2021 டிசம்பர் 31 முதல்தான். தினம் 140 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் செல்பவர் சில ஆயிரத்தை மிச்சப்படுத்த இதை விட்டுவிடலாகாது. டயர் செலவையும் மறவாதீர்கள். இந்த ஓட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடியாவது மாற்ற நேரும்.

மீட்டரில் உள்ள எண்ணை நம்ப முடியுமா என்பது நியாயமான ஐயமே. நிறுவனத்தின் சர்வீஸ் நிலையப் பதிவேட்டில் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஓடிய தூரம் இருக்கும். விற்பவர் அதைக் காட்டத் தயங்கினால் வேறு கார் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 25,000 ஓடியதாகச் சொல்லப்படும் காரில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

திருப்பதி யாத்திரைத் தலமாதலால் இங்கே ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. வாடகைக்கு ஓடிய கார்கள் பின்னர் சொந்த வாகனமாக மாற்றப்பட்டு, வெள்ளைப் பலகையுடன் சந்தைக்கு வருகின்றன. பதிவு வரலாற்றில் முன்பு அது போக்குவரத்து வாகனமாக இருந்ததா என்று பாருங்கள். 1944 இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதையில் இறங்குவதும், பின்னர் அமைந்த இரண்டாம் பாதையில் ஏறுவதுமாக அடிக்கடி திருமலைக்குச் சென்ற காரில் கிளட்ச்சும் பிரேக் டிஸ்க்கும் மற்றவற்றைவிட முன்னதாகத் தேயும். சோதனை ஓட்டத்தைச் சமவெளியில் மட்டும் முடித்துவிடாமல், ஒரு மேட்டில் மூன்றாம் கியரில் ஏற்றிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் உயர்ந்தும் வேகம் உயராவிடில் கிளட்ச் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் உண்டு. 2021 நவம்பரில் திருப்பதியும், 2015, 2023 ஆம் ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் சென்னையும் வெள்ளத்தில் தவித்தன. இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பாருங்கள். வெளியே காணும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை நிற்கும்.

விலை பேசும்போது இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய புதுக்கார் விலையை மனத்தில் வைத்துப் பழைய காருக்கு விலை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒப்பிட வேண்டியது இன்றைய புதுக்கார் விலையோடு.

கடனைப் பொறுத்தவரை ஒரே ஒரு கணக்கு. "ஏழு சதவீதம்தான்" என்று வெளியில் சொல்லப்படும் வட்டி பலநேரம் நிலைவட்டி. மூன்று லட்சத்துக்கு நான்காண்டு நிலைவட்டி 84,000. தவணை 8,000 ரூபாய். குறையும் நிலுவையின் மீது கணக்கிட்டால் அது பன்னிரண்டரை சதவீதத்துக்கும் மேல். மேலே கண்ட 11 சதவீதக் கடனைவிட அதிகம். 2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும். எல்லாக் கட்டணங்களும் அடங்கிய ஆண்டு வட்டிவீதம் அதில் இருக்கும். கையெழுத்திடும் முன் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

பணம் கைமாறியதோடு கார் உங்களுடையதாகிவிடாது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, மாநிலத்துக்குள் வாங்கினால் விற்பவர் 14 நாட்களிலும் வாங்குபவர் 30 நாட்களிலும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேலூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வாங்கினால் தடையில்லாச் சான்று தேவை. பெயர் மாறாத நிலையில் விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. எனவே உங்கள் பழைய காரை விற்கும்போதும் இதில் அசட்டை வேண்டாம். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவர் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே உரியது, காருடன் வராது. விடுமுறை நாட்களில் வாடகைக்குப் பக்தர்களை ஏற்றிச் சென்றால் தனியார் வாகனக் காப்பீடு கைகொடுக்காது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

சித்தூரிலிருந்து பாகாலா வழியாகத் திருப்பதிக்கு இரயில் பாதை இருக்கிறது, பேருந்துகளும் குறைவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அவற்றில் சென்றால் மேலே போட்ட எரிபொருள் கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கடன் கொடுக்கும் இடத்திலிருந்து இதைச் சொல்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். கடன் கட்டி முடியும் நாளில், வங்கியிடமிருந்து படிவம் 35-ஐயும் தடையில்லாச் சான்றையும் பெற்று, பதிவுச் சான்றிதழிலிருந்து கடன் குறிப்பை நீக்கிக்கொள்ளுங்கள். பெற்ற சான்றை அலமாரியில் வைத்துவிட்டு, காரை விற்கும் வேளையில் தேடுவோர் எங்கள் கிளைக்கு மாதந்தோறும் வருகின்றனர்.