புதிரின் கடினத்தை அளப்பது எங்ஙனம்?

கைப்பேசியில் புதிர் விளையாடுவோரை இன்று எங்கும் காணலாம். ஒரே நிறமுடைய மூன்று பண்டங்களை ஒரு வரிசையில் சேர்த்து அழிப்பது, பெட்டிகளைத் தள்ளி உரிய இடத்தில் நிறுத்துவது, எண்களை முறைப்படி நிரப்புவது என இவ்விளையாட்டுகள் பலவகைப்படும். பெரும்பாலானவற்றில் புதிர்கள் ‘லெவல்’ எனப்படும் படிகளாக அடுக்கப்பட்டுள்ளன. 2012-ஆம் ஆண்டு வெளிவந்த ‘காண்டி க்ரஷ் சாகா’ என்னும் விளையாட்டில் இத்தகைய படிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

இவற்றுள் எந்தப் படி எதனைக் காட்டிலும் கடினமானது? எத்தனை மடங்கு கடினமானது? கேட்ட மாத்திரத்தில் இது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய வினாவாகத் தோன்றும். ஆயின் வினாத்தாள் அமைக்கும் ஆசிரியரும், பாடநூலில் பயிற்சிக் கணக்குகளை வரிசைப்படுத்துபவரும், குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதிக்கும் உளவியல் அறிஞரும் எதிர்நோக்கும் வினாவும் இதுவே. ஆகையால் இதற்கு விடை காணும் முறையை முதலிலிருந்து ஆராய்வோம்.

பார்வையால் மதிப்பிடுதல்

புதிரை நேரே பார்த்து, அதை முடிப்பதற்கு எத்தனை செயல்கள் வேண்டும் என்று எண்ணுவது எவர்க்கும் முதலில் தோன்றும் வழியாகும். செயல்கள் மிகுந்தால் கடினமும் மிகும் என்று கருதுவது இயல்பே. இக்கருத்து எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் புனே நகரத்தோடு தொடர்புடைய கணித அறிஞர் ஒருவரின் கண்டுபிடிப்பைக் கொண்டே சோதிக்கலாம்.

புனே பெர்குசன் கல்லூரியில் பயின்று, பின்னர் நாசிக் அருகிலுள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் டி. ஆர். காப்ரேகர் (1905–1986). அவர் 1949-இல் கண்ட உண்மை இது: எல்லா இலக்கங்களும் ஒன்றாக இராத ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்துக்கொள்க. அதன் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க. விடைக்கும் அவ்வாறே செய்க. 3524 என்னும் எண்ணில் தொடங்கினால்,

5432 − 2345 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

என மூன்று தடவையில் 6174 கிடைக்கிறது. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு தடவைக்குள் 6174-ஐ அடைந்தே தீருவோம். இனி, ஏழு தடவை கழிக்க வேண்டிய எண், மூன்று தடவை கழிக்க வேண்டிய எண்ணைவிடக் கடினமானதா? அன்று. அது நீளமானது, அவ்வளவே. கழித்தல் அறிந்த சிறுவன் பொறுமையோடு செய்து முடிப்பான். ஆனால் எல்லா எண்களும் ஏன் 6174-இல் வந்து சேர்கின்றன என்று கேட்டுவிட்டால், கழித்தலில் வல்லவரும் திகைத்து நிற்பர். ஆகவே நீளம் வேறு, கடினம் வேறு.

ஆராய்ச்சியும் இதனையே காட்டுகிறது. 1982-இல் ஜப்பானில் வெளியான ‘சோகோபான்’ என்பது கிடங்கில் பெட்டிகளைத் தள்ளி அடுக்கும் புதிர். செக் நாட்டின் மாசரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாருஷெக், பெலானெக் என்னும் ஆய்வாளர்கள், மனிதர்கள் இப்புதிர்களை விடுவிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். பார்வைக்கு ஒத்திருந்த புதிர்கள் நேரத்தில் பெரிதும் வேறுபட்டன. ஒரு புதிரைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து விடுவிக்க முடியுமாயின் அது எளிதாக இருந்தது. பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் கடினமாயிற்று. செயல்களின் எண்ணிக்கை மட்டும் இதனை வெளிப்படுத்தவில்லை.

வென்றோரை எண்ணுதல்

இரண்டாவது வழி, புதிரைப் பாராமல் விளையாடியோரைப் பார்ப்பது. ஒரு படியை முதல் முயற்சியில் நூற்றுக்கு எத்தனை பேர் வென்றனர் என்று கணக்கிடுவது இம்முறை. இது மெய்யான அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டது. எனினும் இதிலும் ஒரு பெரும் பிழை மறைந்துள்ளது.

எடுத்துக்காட்டாக, 10-ஆம் படியை 1000 பேர் விளையாடினர் என்றும், அவர்களுள் 700 பேர் முதல் முயற்சியில் வென்றனர் என்றும் கொள்வோம். 40-ஆம் படிக்கு வருவதற்குள் பலர் சலித்து விலகிவிட்டனர். எஞ்சியவர் 200 பேர். அவர்களுள் 150 பேர் வென்றனர். முன்னதில் நூற்றுக்கு 70, பின்னதில் நூற்றுக்கு 75. அப்படியானால் 40-ஆம் படி எளிதா?

அவ்வாறு முடிவு செய்வது தவறு. 40-ஆம் படி வரை வந்தவர்கள் பொறுக்கியெடுக்கப்பட்ட கூட்டத்தினர். திறமை குறைந்தோர் வழியிலேயே நின்றுவிட்டனர். வென்றோரின் வீதம் என்பது புதிரின் கடினத்தை மட்டும் சொல்வதில்லை. விளையாடியோரின் திறமையையும் சேர்த்தே சொல்கிறது. ஒரே எண்ணில் இரண்டு அறியாத அளவுகள் கலந்துள்ளன. இவற்றைப் பிரித்தெடுப்பதே நம் பிரச்சினையின் உயிர்நிலை.

ராஷ் கண்ட வழி

இதற்கு அழகியதொரு தீர்வைத் தந்தவர் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஜார்ஜ் ராஷ். அவருடைய நூல் 1960-இல் வெளிவந்தது. விளையாடுபவருக்குத் திறமை என ஓர் எண்ணும், புதிருக்குக் கடினம் என ஓர் எண்ணும் உண்டு என அவர் கொண்டார். திறமையைக் கடினத்தால் வகுத்தால் கிடைப்பது வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள விகிதம். திறமை 12, கடினம் 4 என்றால் விகிதம் 3-க்கு 1. அதாவது நான்கு முறை முயன்றால் சராசரியாக மூன்று முறை வெல்லலாம்.

இப்போது இரு புதிர்களை எடுத்துக்கொள்வோம். முதற் புதிரின் கடினம் 4. இரண்டாவதன் கடினம் 12. திறமை 12 உடைய மாணவி ஒருத்தி முதலாவதை வெல்லும் வாய்ப்பு 3/4. இரண்டாவதை வெல்லும் வாய்ப்பு 1/2. முதலாவதை வென்று இரண்டாவதில் தோற்கும் வாய்ப்பு 3/4 × 1/2 = 3/8. முதலாவதில் தோற்று இரண்டாவதை வெல்லும் வாய்ப்பு 1/4 × 1/2 = 1/8. இவ்விரண்டின் விகிதம் 3.

திறமை 4 மட்டுமே உடைய மாணவன் ஒருவனுக்கும் இதனையே கணக்கிடுவோம். அவன் முதலாவதை வெல்லும் வாய்ப்பு 1/2. இரண்டாவதை வெல்லும் வாய்ப்பு 1/4. முதலாவதை மட்டும் வெல்லும் வாய்ப்பு 1/2 × 3/4 = 3/8. இரண்டாவதை மட்டும் வெல்லும் வாய்ப்பு 1/2 × 1/4 = 1/8. விகிதம் மறுபடியும் 3.

திறமையில் மும்மடங்கு வேறுபட்ட இருவரிடமும் ஒரே விடை கிடைத்தது தற்செயல் அன்று. விகிதம் காணும்போது திறமை என்னும் எண் மேலும் கீழும் நின்று அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது 12-ஐ 4-ஆல் வகுத்த ஈவு, அதாவது கடினங்களின் விகிதம் மட்டுமே. இரண்டையும் வென்றவரும் இரண்டிலும் தோற்றவரும் நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் வென்றவரே புதிர்களை ஒப்பிட்டுக் காட்டுகின்றனர்.

முன் சொன்ன விளையாட்டுக்குத் திரும்புவோம். 40-ஆம் படி வரை வந்த அந்த 200 பேர், 10-ஆம் படியில் என்ன செய்தனர் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். இரண்டையும் வென்றவர் 144; 10-ஆம் படியை மட்டும் வென்றவர் 48; 40-ஆம் படியை மட்டும் வென்றவர் 6; இரண்டிலும் தோற்றவர் 2 எனக் கொள்வோம். 48-ஐ 6-ஆல் வகுக்க 8 வருகிறது. எளிதாகத் தோன்றிய 40-ஆம் படி உண்மையில் எட்டு மடங்கு கடினமானது! வென்றோரின் வீதம் இதனை முற்றிலும் மறைத்துவிட்டது.

சதுரங்கத்திலிருந்து வந்த முறை

இதற்கு இணையான ஒரு முறை சதுரங்க உலகிலும் தோன்றியது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஆர்பாத் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இலும் ஏற்றன. இன்று வழங்கும் வாய்பாட்டின்படி, இருவரின் புள்ளிகள் சமமாயின் வாய்ப்பும் சமம். 200 புள்ளி மிகுந்தவர் நூற்றுக்கு 76 பங்கு வெற்றியை எதிர்பார்க்கலாம். 400 மிகுந்தால் விகிதம் 10-க்கு 1.

இதில் எதிராளியின் இடத்தில் ஒரு புதிரை அமர்த்தினால் என்ன? இணையத்தில் இயங்கும் ‘லிச்செஸ்’ என்னும் சதுரங்க நிலையம் தன் புதிர்களை இவ்வாறே நடத்துகிறது. ஒருவர் புதிரை விடுவித்தால் புதிர் தோற்றது; விடுவிக்காவிட்டால் புதிர் வென்றது. 1500 புள்ளியுடையவர் 1700 புள்ளியுடைய புதிரை எதிர்கொள்கிறார் எனவும், ஓர் ஆட்டத்தில் மாறக்கூடிய உச்ச அளவு 20 எனவும் கொள்வோம். அவர் வென்றால் ஏறத்தாழ 15 புள்ளி பெறுவார். புதிர் 15 இழக்கும். தோற்றால் அவர் 5 இழப்பார். புதிர் 5 பெறும். எதிர்பாராத முடிவுக்கு மதிப்பு மிகுதி. (லிச்செஸில் வழங்குவது இதன் திருத்திய வடிவமாகும்.) ஆயிரக்கணக்கானோர் விளையாட, ஒவ்வொரு புதிரும் தன் உரிய இடத்தில் தானே சென்று அமர்கிறது. நாம் மேலே கண்ட எட்டு மடங்கு என்பது ஈலோ அளவையில் ஏறத்தாழ 360 புள்ளிக்குச் சமம்.

கவனிக்க வேண்டியவை

எந்த அளவுகோலுக்கும் எல்லைகள் உண்டு. பண்டங்கள் மேலிருந்து தாமாக விழும் விளையாட்டில் அதிர்ஷ்டத்துக்கும் இடமுண்டு. அதனால் ஒருவரது ஒரு முயற்சியை மட்டும் கொண்டு எதனையும் முடிவு செய்தல் ஆகாது. பணம் கொடுத்து உதவி வாங்கி வென்ற ஆட்டங்களைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். அன்றியும் 10-ஆம் படியிலிருந்து 40-ஆம் படிக்கு வரும் வழியில் விளையாடுபவர் பழகித் தேர்ச்சி பெறுகிறார். ஆதலின் மெய்யான கடின விகிதம் எட்டுக்கும் மேலாக இருத்தல் கூடும்.

இன்னும் எவரும் விளையாடாத புதிய படியை எவ்வாறு மதிப்பது? காண்டி க்ரஷ் வெளியிடும் கிங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மனிதர் செய்த நகர்வுகளைக் கொண்டு கணிப்பொறியைப் பயிற்றி, அதனைப் புதிய படிகளில் விளையாடவிட்டுக் கடினத்தை முன்னறியும் முறையை 2018-இல் விவரித்தனர். கணிப்பொறி மிக வல்லதாக இருத்தல் இங்கே தேவையில்லை. மனிதரைப் போல் தவறுவதே அதற்குத் தேவையான தகுதி.

விளையாட்டுக்கு அப்பால்

பிரான்ஸ் நாட்டு உளவியல் அறிஞர் பினே, சிமோன் என்பாருடன் சேர்ந்து 1905-இல் அறிவுச் சோதனை ஒன்றை வெளியிட்டார். எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறும் படிகளாக அது அமைந்தது. 1908-இல் சோதனைகளை அவர் வயது வாரியாக வகுத்தார். பாரிஸ் குழந்தைகளைக் கொண்டு வகுத்த இவ்வரிசை மராத்தியோ கன்னடமோ பேசும் குழந்தைக்கு அப்படியே பொருந்துமா? மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. ஒரு சொல் ஓரிடத்தில் அன்றாடம் புழங்கும், மற்றோரிடத்தில் அரிதாகும். அதனால் வினாவின் கடினமே மாறிவிடும். இச்சோதனையை அவ்விரு மொழிகளுக்கும் தழுவியமைத்த வி. வி. காமத், நம் நாட்டுக் குழந்தைகளிடம் நேரே சோதித்தே தம் அளவையை அமைத்தார். புனே நகரில் 1962-இல் வி. வி. பெண்ட்சே நிறுவிய ஞானப்பிரபோதினியும் மிகுதிறன் வாய்ந்த மாணவரைத் தேர்ந்தெடுக்க உளவியல் சோதனைகளைப் பயன்படுத்தி வருகிறது. வினாவின் கடினம் தவறாக மதிக்கப்பட்டால், இங்கே தவறுவது ஒரு விளையாட்டு அன்று. ஒரு குழந்தையைப் பற்றிய தீர்ப்பு.

நுழைவுத் தேர்வுகளிலும் இதே நிலைதான். பொறியியல் கல்விக்கான தேசிய அளவிலான தேர்வும், மகாராஷ்டிர மாநிலப் பொது நுழைவுத் தேர்வும் பல வேளைகளில், வெவ்வேறு வினாத்தாள்களைக் கொண்டு நடத்தப்படுகின்றன. காலையில் எழுதியவருக்குக் கடினமான தாளும், மாலையில் எழுதியவருக்கு எளிய தாளும் வாய்க்கலாம். அதனால் மூல மதிப்பெண்ணை நேரே ஒப்பிடாமல், ஒருவர் தம்முடன் அதே வேளையில் எழுதியோருள் நூற்றுக்கு எத்தனை பேரைவிடக் குறையாமல் பெற்றார் என்பதைக் கணக்கிடுகின்றனர். ஒவ்வொரு வேளையிலும் எழுதும் கூட்டங்கள் திறமையில் சமமானவை என்பது இம்முறையின் அடிப்படை எண்ணம். மாணவரைக் குலுக்கிப் பிரித்தால் பெருங்கூட்டத்தில் அது ஏறத்தாழ உண்மையாகும்; வேறு வகையில் பிரித்தால் ஆகாது. 10-ஆம் படிக்கும் 40-ஆம் படிக்கும் நேர்ந்த மயக்கமே அங்கும் நேரும். அங்கே இழக்கப்படுவது ஒரு மாணவரின் கல்லூரி இடம்.

செய்து பார்க்க

ஆசிரியர்கள் இச்சோதனையை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். இரு புதிர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் அளித்து, மாணவர் தனித்தனியே விடுவிக்கச் செய்க. பாதிப்பேர் முதற் புதிரிலும் மற்றவர் இரண்டாம் புதிரிலும் தொடங்கட்டும். பின்னர், முதலாவதை மட்டும் விடுவித்தோர், இரண்டாவதை மட்டும் விடுவித்தோர் ஆகிய இரு தொகைகளையும் எண்ணி விகிதம் காண்க. அடுத்து, சென்ற கணிதத் தேர்வின் மதிப்பெண்படி வகுப்பை இரு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் இதே விகிதத்தைக் காண்க. வென்றோரின் வீதம் இரு பாதிகளிலும் வெகுவாக வேறுபடும். நாம் கண்ட விகிதமோ ஏறத்தாழ ஒன்றாக இருத்தல் வேண்டும். மாணவர் தொகை சிறிதாயின் சிறு ஏற்றத்தாழ்வு இயல்பே; பல வகுப்புகளின் எண்களைச் சேர்த்தால் அது குறையும். அதற்குப் பின்னும் விகிதங்கள் பெரிதும் வேறுபட்டால், அவ்விரு புதிர்களும் ஒரே திறமையைச் சோதிக்கவில்லை என்று அறிக. ஒன்று மொழியறிவையும் மற்றொன்று வடிவ உணர்வையும் சோதிப்பனவாக இருக்கலாம். அவற்றை ஒரே ஏணியின் படிகளாக அடுக்குவது பொருந்தாது.

ஒரு வினாவை நூற்றுக்கு எத்தனை பேர் விடுத்தனர் என்று கேள்வியுறும்போதெல்லாம், அந்த நூறு பேர் யார் என்பதையும் உடன் கேட்பது நன்று.